பழுப்பு மூடிப் பாட்டில்

மாவைத் தட்டி எண்ணெயில் போட்ட கையோடு ஷோல்பான் சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வாசலில் மார்தென் நின்றிருந்தார்.

"வந்துட்டார், அத்தை."

"வரட்டுமே, ஊரே வருது," என்றாள் செத்தவரின் தங்கை குல்யாஷ். "நீ ரொட்டியைத் திருப்பு. கருகுது பாரு."

முற்றத்து வெள்ளைக் கூடாரத்துக்குள் அப்பா எர்முகானைக் கிடத்தியிருந்தார்கள். நாற்பது வருடம் புற்றுக்கட்டிகளில் வைரஸ் தேடியவர், கடைசியில் இதயம் நின்று போனார். முந்தாநாள் காலை ஆஸ்பத்திரியில் கஞ்சியைத் தள்ளிவிட்டு மகளிடம், "மார்தென்கிட்ட சொல்லிடும்மா. அன்னிக்குப் பழுப்பு மூடிப் பாட்டிலை மாத்தி எடுத்தது நான்தான்," என்றார். மத்தியானம் உயிர் போய்விட்டது. சாகிறவர்கள் எவ்வளவு சௌகரியமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன் அவருடைய ஆய்வுக்கூடம் ஒரு பெண்ணின் மார்புக்கட்டியில் புது வைரஸைக் கண்டதாக அறிவித்தது. மாஸ்கோவிலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. எட்டே மாதத்தில் குட்டு உடைந்தது. அலமாரியின் அடுத்த தட்டில் வளர்ந்துகொண்டிருந்த எலிச் செல்கள், அவற்றுக்கான ஊட்டத் திரவப் பாட்டிலை யாரோ மாற்றி எடுத்ததால் கட்டியின் செல்களோடு கலந்திருந்தன, வைரஸ் எலியினுடையது. அப்பாவே அதைக் கண்டுபிடித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அவருடைய நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள். விளக்கக் கடிதத்தில் 'உதவியாளரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருந்தது. அந்த உதவியாளர் மார்தென். அவருடைய ஆய்வேடு அதோடு போயிற்று. அல்மாட்டி சந்தையில் கம்பளி விற்கப் போனார்.

இன்னும் சற்று நேரத்தில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை. இமாம், "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்பார். கூடியிருப்பவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாமல் மார்தென் 'நல்லவர்' என்று சொல்லிவிட்டால் அது என்ன சாட்சி? தெரிந்த பிறகு சொல்லாமல் போனால் அப்பாவின் கதி? ஷோல்பான் அடுப்பை அணைத்தாள்.

"நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியும்டி," என்றாள் அத்தை. "அடக்கம் முடியட்டும், அப்புறம் சொல்லித் தொலை. ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்க முடியாதா?"

"அப்புறம் சொன்னா அது ஏமாத்து, அத்தை."

"அப்பனை உரிச்சு வச்சிருக்கா."

"எங்க? அவர்தான் முப்பத்தோரு வருஷம் வாயைத் திறக்கலையே."

மார்தென் வேலியோரம் தனியாக நின்றிருந்தார். கையில் குல்லாய். அவள் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள்.

அவர் கூடாரத்தைப் பார்த்தார். பிறகு, "எந்தப் பாட்டில்?" என்றார்.

"பழுப்பு மூடி போட்டதாம், அண்ணா."

"அது எலிச் செல்லுக்கானது, என் தட்டுலயே இருக்காதே." குல்லாயை இரண்டாக மடித்தார். "தினம் அந்த நாளை நினைச்சுப் பார்ப்பேன், ஷோல்பான். கடை திறக்கும்போது, சாப்பிடும்போது. என் கை எங்க தவறிச்சு, எங்க தவறிச்சுன்னு. ஒண்ணும் அகப்படாது. எனக்கு மறதின்னு நினைச்சுக்கிட்டேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்காகவா, இவ்வளவு நாள் அந்த ஒரு வரியை நம்பிய தனக்காகவா என்று தெரியவில்லை.

இமாம் கேட்டார். "நல்லவர்," என்றது முற்றம் முழுவதும். ஷோல்பான் மார்தெனின் வாயையே பார்த்தாள். அது திறக்கவில்லை. இமாம் வழக்கப்படி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் திறக்கவில்லை.

ஆண்கள் உடலைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டில் இருந்து கறியை வேகவைத்தார்கள். 'நான் சொன்னேனா இல்லையா' என்கிற பார்வையோடு அத்தை வெங்காயம் நறுக்கினாள். ஷோல்பானுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் கைகழுவ வரிசையாக வந்தார்கள். அவள் கூஜாவிலிருந்து வெந்நீர் ஊற்றினாள். அத்தை மகனின் காற்சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"உடலை வாங்கி வைக்கக் குழிக்குள்ள யாருடா இறங்கினது?" என்று அத்தை கேட்டாள். "அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லையே, நீதானே இறங்கணும்?"

"நான் இறங்கத்தாம்மா போனேன். அதுக்குள்ள..."

வரிசையில் கடைசியாக மார்தென் வந்து கைகளை நீட்டினார். பனி உருகிய ஈரக் களிமண் அவருடைய முழங்கால் வரைக்கும், முழங்கை வரைக்கும் அப்பியிருந்தது.

"ஊத்தும்மா," என்றார்.