தேயிலைச் செடிக்கு அடியில்

ஜீவன் எழுந்தான். கேத்தலை அடுப்பில் வைத்தான். தேயிலை போட்டான், சீனி போடவில்லை. குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பக்கத்தில் கவிழ்ந்திருந்த மற்றக் கோப்பையில் தூசி படிந்திருந்தது. அதையும் கழுவினான். சவரம் செய்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். பேராதனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

வெளியூர்க்காரர்களுக்குக் கண்டியைச் சுற்றிக் காட்டுவது அவன் வேலை. புவியியல் பட்டதாரி. முன்பெல்லாம் காலையில் தெருச்சாப்பாடு, பிறகு ஹந்தானை மலை என்று இரண்டும் காட்டுவான். போன தையில் அந்த மலையில் குளவி கொட்டி அவன் மனைவி சிந்துஜா இறந்துபோனாள். அதிலிருந்து நகரம் மட்டும்தான். யாராவது மலையைக் கேட்டால், "இன்னைக்கு மூடுபனிங்க" என்பான். கண்டியில் அந்தப் பொய் பெரும்பாலும் எடுபடும்.

அன்று வந்தவர்கள் ரிஸ்மியும் ஷஹ்மாவும். கண்டிக்குப் பக்கத்து அக்குறணையைச் சேர்ந்த புது மாப்பிள்ளை, பெண். பேங்கொக், பினாங்கு, காத்மண்டு என்று தின்றும் ஏறியும் வீடியோ எடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். கடைசிப் பகுதி சொந்த ஊர் என்று வைத்திருந்தார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே ஷஹ்மா மிளகாய்த்தூள் பிசறிய அன்னாசி அச்சாறு வாங்கினாள். இரண்டு துண்டு வாயில் போட்டதும் கண்ணில் நீர் முட்டியது.

"பினாங்குல அவ்வளவு ஒறப்பத் தின்னுபோட்டு, ஊரு அச்சாறுக்கு அழுறியா?" என்றான் ரிஸ்மி, கமராவை நீட்டிக்கொண்டு.

"அழல்ல, மூக்கு வடியுது. இத வீடியோல போட்டா உம்மாக்கிட்ட சொல்லிக் குடுப்பேன்."

"சரி, தொடச்சிக்கோ. அடுத்தது ஹந்தானை. என்ன பிரதர், போவமா? நேபாளத்துல ஏறினவன் ஊட்டுக்குப் பின்னால ஈக்கிற மலையில ஏறல்ல எண்டா மனிசர் சிரிப்பாங்க."

ஜீவன் அண்ணாந்து பார்த்தான். மலை பளிச்சென்று நின்றது. வானத்தில் மருந்துக்கும் பனி இல்லை. மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு மலையே மேல் என்று பட்டது அவனுக்கு.

ஆட்டோ மேல் தோட்டம் வரை போனது. தேயிலைக்குள் கால் வைக்குமுன் அவன் இருவரையும் நிறுத்தினான்.

"ஒன்னு சொல்லணும். குளவி வந்தா ஓடாதீங்க. கிட்ட இருக்கிற தேயிலைச் செடிக்கு அடியில புகுந்து குப்புறப் படுங்க. அசையக் கூடாது, பேசக் கூடாது. சத்தம் அடங்குற வரைக்கும் பொணம் மாதிரிக் கெடக்கணும்."

தோட்டத்துப் பிள்ளைகள் அகரத்துக்கு முன்னால் படிக்கிற பாடம் அது.

"ஸ்கூல்ல படிச்சிக் குடுக்கிற சேர் மாதிரி" என்று ஷஹ்மா கணவனின் காதைக் கடித்தாள்.

ஏறினார்கள். முன்னால் போன ஜீவனின் கண் வழியில் இல்லை. பாறை விளிம்புகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் நனைந்த சாக்குப் போலக் கறுப்பாகக் குளவிக்கூடு எதுவும் தொங்குகிறதா என்றே தேடியது. எதுவும் தெரியவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் தெரிய வழியில்லை.

சமதரையில் ரிஸ்மி பையைத் திறந்து ட்ரோனை எடுத்தான். ஜீவன் வாயெடுப்பதற்குள் அது எழும்பிவிட்டது. அந்த ரீங்காரம் கேட்டதும் அவன் பிடரி குளிர்ந்தது. கண் கிட்ட இருந்த செடியைத் தேடியது.

"அண்ணாக்கு வேர்க்குது" என்றாள் ஷஹ்மா. "ட்ரோனுக்கு யாரும் பயப்படுவாங்களா?"

ட்ரோன் பாறையைச் சுற்றிக்கொண்டு மறைந்தது. மறுபடி வந்து ரிஸ்மியின் உள்ளங்கையில் அமர்ந்தது. இறக்கைகள் நின்றன.

ரீங்காரம் நிற்கவில்லை.

"படுங்க!" என்று கத்தினான் ஜீவன்.

செடிக்கு அடியில் இருட்டாக இருந்தது. ஈர மண் மூக்கில் ஏறியது. மேலே மழை இறங்குவது போல ஒரு சத்தம். காதோரம் ஒன்று கொட்டியது. கழுத்தில் இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டான்.

அன்றைக்கும் இப்படித்தான். அவன் ஒரு செடிக்கு அடியில், சிந்துஜா அடுத்த செடிக்கு அடியில். அவன் வாய் திறக்கவில்லை, கூப்பிடவில்லை. அவளும் சொன்னபடி அசையாமல் கிடக்கிறாள் என்று நம்பினான். சத்தம் அடங்கி அவன் எழுந்த பிறகும் அவள் அசையாமல் கிடந்தாள். விஷம் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டை அடைத்துவிட்டது என்று பிறகு டொக்டர் சொன்னார்.

இடப்பக்கத்தில் ரிஸ்மி முனகுவது கேட்டது. வலப்பக்கத்தில், ஷஹ்மா புகுந்த செடியில், ஒன்றும் இல்லை.

"தங்கச்சி" என்றான் ஜீவன், மண்ணுக்குள் பேசுவது போல.

அந்தச் செடிப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"தங்கச்சி!"

இலைகூட அசையவில்லை. மேலே சத்தம் இன்னும் அடங்கவில்லை. வெளியே போகக் கூடாது. போனான். ஜக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தான். கையில் மூன்று நான்கு இடத்தில் நெருப்பு வைத்தது போல இருந்தது. கிளையை விலக்கினான். அவள் குப்புறக் கிடந்தாள், முகம் முழுக்க முக்காடு. தோளைத் தொட்டான். அசையவில்லை. பிடித்துத் திருப்பி முக்காட்டை விலக்கினான்.

கண்கள் திறந்திருந்தன. அவை இமைத்தன.

"பேச வாணாம், அசைய வாணாம் எண்டு நீங்கதானே சொன்ன?" என்றாள், உதட்டால் மட்டும்.

ஜீவன் அவளை மறுபடி குப்புறக் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே படுத்தான். "இப்ப பேசுங்க. நிப்பாட்டாம பேசுங்க."

"என்னத்தப் பேசுற?"

"எதையாச்சும். நீங்க தின்னதச் சொல்லுங்க."

அவள் மண்ணைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். பினாங்கில் நூடில்ஸ், காத்மண்டுவில் ஆவி பறக்கிற மொமோ, பேங்கொக்கில் ஹலால் கடை தேடி அலைந்தது, உம்மா செய்கிற வட்டிலப்பம். மூச்சு வாங்க அவள் நிறுத்தும்போதெல்லாம் அவன் நெஞ்சும் நின்றது. அவள் குரல் மறுபடி எழுந்ததும் அதுவும் மறுபடி ஓடியது. அப்படியே கிடந்தார்கள், ரீங்காரம் பாறைக்கு அப்பால் போய்த் தேயும் வரை.

தோட்டத்து மருந்தகத்தில் மூவருக்கும் ஊசி போட்டார்கள். ரிஸ்மியின் ஒரு கண் மூடிப் போயிருந்தது. ஷஹ்மாவுக்கு ஒரே ஒரு கொட்டு. வெளியே மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"பிரதர், பேசப்படாது எண்டதும் நீங்க, பேசச் சொன்னதும் நீங்க. என்ன கத இது?" என்றான் ரிஸ்மி.

ஜீவன் சொன்னான். இதே மலை, அடுத்த செடி, கூப்பிடாதது. அவர்கள் முகம் மாறியது. அவன் நினைத்த அளவு அது கஷ்டமாக இல்லை.

"கடைசியா ஒண்டுமே சொல்லல்லயா அவங்க?" என்றாள் ஷஹ்மா மெதுவாக.

'எங்க வீட்டுக்காரரக் காப்பாத்து முருகா' என்று சொல்லிவிட்டுத்தான் மகள் கண்ணை மூடினாள் என்று செத்த வீட்டில் மாமியார் பாலம்மா சொல்லி அழுதாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவன் மறுக்கவில்லை. இறந்தவளுக்கு அது பொருத்தமான பேச்சாகத்தான் இருந்தது.

வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டு, சிந்துஜா உண்மையில் சொன்னதை அவன் முதல் தடவையாக இன்னொருவரிடம் சொன்னான். பக்கத்துச் செடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னது.

"கால உள்ள இழுங்க. பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி நீட்டிக்கிட்டு."