தரையில் நிற்பவனுக்கு ஒரு பாலிசி

கனகாம்பாள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தாள். திருமலை கண்ணை மூடிக்கொண்டான்.

கல்யாணமானதிலிருந்து அவர்களுக்குள் நடக்கிற விளையாட்டு இது. விமானத்தில் எந்தச் சுவிட்சு எங்கே இருக்கிறதென்று இருட்டிலும் புகையிலும் விரல்தான் சொல்ல வேண்டும். விமானிகளைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்துச் சோதிப்பார்கள். திருவள்ளூர் வாடகை வீட்டில் விமானத்துக்கு எங்கே போவது? அஞ்சறைப்பெட்டி இருந்தது. அவள் கிண்ணங்களை இடம் மாற்றி வைப்பாள். அவன் தொட்டுத் தொட்டுச் சொல்வான்.

இத்தனை நாளும் அவன் துணை விமானி. வலப்பக்கத்து இருக்கை, சுவிட்சு போடுவதெல்லாம் இடது கை. அடுத்த மாதம் கேப்டன் பரீட்சை. தேறிவிட்டால் இடப்பக்கத்து இருக்கை, அத்தனை வேலையும் வலது கைக்கு மாறிவிடும். அதனால் வலது கையைப் பழக்கிக்கொண்டிருந்தான்.

"வெந்தயம்," என்றான். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சொன்னது அது. அடுத்த கிண்ணத்தில் விரல் நுனியை வைத்தான். ஈரத்துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ இருப்பதுபோல இருந்தது. "கடுகு."

"சரி," என்றாள் அவள்.

கண்ணைத் திறந்தான். விரல் சீரகத்தில் இருந்தது. அவன் கையை எடுத்ததும் அவள் குனிந்தபடியே பெட்டியை மூடினாள்.

ஆடி மாதத்திலிருந்தே வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துக் கிடந்தன. ஊசியால் குத்திப் பார்த்தான். ஐஸ் கட்டியை வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும், நாம்தான் வீணாகச் சந்தேகப்படுகிறோமோ என்று தோன்றும். மறுபடி முதலிலிருந்து சோதிப்பான். எதையும் நாலு தடவை சரிபார்க்கிற சுபாவம். விமானம் ஓட்டுகிறவனுக்கு அது நல்லது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சுபாவம்தான் இப்போது காலை வாரிவிட்டது. உடம்பு கெட்டு லைசன்ஸ் போனால் பணம் தருகிற பாலிசி ஒன்று உண்டென்று தை மாதமே அவனுக்குத் தெரியும். அப்போதே கையெழுத்துப் போட்டிருக்கலாம். பாரத்தில் ஒரு விதி அவனுக்கு விளங்கவில்லை. ஆபீசுக்குக் கடிதம் எழுதினான். பதில் வந்ததும் அதில் ஒரு சந்தேகம், இன்னொரு கடிதம். எல்லாம் தெளிவானபோது ஆடி பிறந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. கனகாம்பாளின் அண்ணன் சுப்பராயன் கும்மிடிப்பூண்டியிலிருந்து செங்குன்றம் வழியாக பஸ் மாறி வந்து சேர்ந்தான். கம்பி ஆலையில் வேலை, லீவு நாளில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"இன்னா மாப்ள, வாசல்ல நின்னுக்கினு கூவறேன், காதுலியே உழல. ஞாயித்துக்கெழமகூட ஆகாசத்துலதான் கீறியா?"

"வாங்க மச்சான். ஏதோ யோசனை."

"யோசன பண்ணியே வருசத்த ஓட்டிட்ட. இன்னிக்கு முடிக்காம நான் பஸ் ஏற மாட்டேன்." இரண்டு பாரங்களைப் பாயில் விரித்தான். "இது ஆயுள் பாலிசி. பறக்கிற ஆளுன்னு மேல கொஞ்சம் போட்டுக் கேக்கறான். சோழவரத்துல கார் ரேஸ் உடறான் பாரு, அவன்கிட்டகூட இவ்ளோ கேப்பானான்னு தெரியல. அது, நீ கேட்ட லைசன்ஸ் சமாச்சாரம். ரெண்டும் கட்ட உனுக்குத் தாங்காது. ஒண்ணு சொல்லு."

"லைசன்ஸ்."

"அது இன்னாத்துக்கு? எங்க ஆலையில ஒருத்தன் கை மாட்டுது, ஒருத்தன் கால் மாட்டுது, அவனுக்கு வேணும். பிளேன் உழுந்தா முழுசாப் பூடும், பாதியா போவும்?"

வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள். அவன் விழுவதைப் பற்றித் தயக்கமில்லாமல் பேசினார்கள். அவன் உயிரோடு, கையில் வேலையில்லாமல், இதே பாயில் உட்கார்ந்திருப்பது யார் நினைப்பிலும் வரவில்லை.

"அதையே எழுதுங்க மச்சான்."

"ஏழாவது கேள்வி வரிக்கும் நானே எழுதிக்கினு வந்துட்டேன். இப்போ உடம்புல எதுனா கொற கீதான்னு கேக்கறான். இல்லன்னு போட்டுட்டேன். கீழ கையெழுத்துதான் பாக்கி."

கனகாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். திருமலை டம்ளரை வலது கையில் வாங்கினான். சுப்பராயன் தன் டம்ளரைத் தொட்டவுடன் கீழே வைத்துவிட்டு, சட்டைத் துணியைச் சுற்றிப் பிடித்தான். பிறகு திருமலையின் விரல்களைப் பார்த்தான்.

"சுடல?"

திருமலை டம்ளரைப் பார்த்தான். ஆவி வந்துகொண்டிருந்தது.

"அந்த ரெண்டு வெரலுக்கும் சுடாதுண்ணா," என்றாள் கனகாம்பாள்.

தெருவில் சோடா வண்டிக்காரன் போகிற சத்தம் கேட்டது. சுப்பராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் ஒண்ணும் பாக்கல மாப்ள. எழுதினது எழுதினதாவே கெடக்கட்டும். ஒரு வருசம் தள்ளிக்கினு போயி அப்பறமா டாக்டராண்ட சொல்லு. பணமாவது வரும்."

ஒரு வருஷம். அத்தனை நாளும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களோடு, இருட்டில், சீரகத்தைக் கடுகு என்று சொல்கிற கையை வைத்துக்கொண்டு. பயமாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. நெஞ்சுக்குள்ளும் அந்த ஈரத்துணிதான் இருந்தது.

"நேத்து தப்பா சொன்னீங்க," என்றாள் கனகாம்பாள். அண்ணன் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

"தெரியும்."

"நான் சரின்னேன்."

"அதுவும் தெரியும்."

"இனிமே அப்படிச் சொல்ல மாட்டேங்க."

அவன் பேனாவை வாங்கி, ஏழாவது கேள்விக்கு எதிரே இருந்த 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினான். எழுதியதை ஒரே தடவைதான் படித்தான்.

"அப்போ இது உனுக்குக் கெடைக்காது," என்றான் சுப்பராயன்.

"கெடைக்காது. நாளைக்கு மீனம்பாக்கம் போய் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"லைசன்ஸ் பூடுமே."

"போயிடும்."

சுப்பராயன் அந்தப் பாரத்தை மெதுவாக மடித்துப் பையில் போட்டான். வந்தவனுக்கு வெறுங்கையோடு எழுந்திருக்க மனமில்லை. மற்றதை, ஆயுள் பாலிசி பாரத்தை, திருமலை பக்கம் தள்ளினான். "இதாவது போடு. வெரல் சமாச்சாரத்த ஒளிக்காம எழுதலாம். டாக்டர் சீட்டு கேப்பான், குடுத்துடலாம். தொழில்ல இன்னா எழுதறது?"

"பறக்கறதில்லன்னு எழுதுங்க."

"அப்போ மேல போட்டுக் கேக்கறது கெடையாது." சற்று நிறுத்தி, சொல்லலாமா என்பதுபோல் தங்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "சல்லிசாவே முடிஞ்சிடும் மாப்ள."

கனகாம்பாள் உள்ளே போனாள். அஞ்சறைப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கிண்ணங்களைப் பழைய இடத்தில் எடுத்து வைக்கிறாள்.

திருமலை பேனாவைப் பிடித்தான். கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். எப்போதும் போடுவது மாதிரியேதான் வந்தது.