கணக்குப்புலி வெட்டிய கண்ணாடி

கணக்குப்புலி என்ற பட்டத்தை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, தானே சூட்டிக்கொண்டான். பள்ளியில் எப்போதோ மனக்கணக்காக வர்க்கமூலம் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன். அதைச் சொல்லியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டான். கண்ணாடிக் கடையை நடத்துவதென்னவோ அவன் மனைவி.

ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைக்கு ஒரு உணவு விடுதிக்காரர் வந்தார். மேசைக்குச் சதுரக் கண்ணாடி, பரப்பு இரண்டு சதுர மீட்டர்.

"சட்டம் தயாரா இருக்கு. சாயங்காலம் இது கச்சிதமா உக்காந்துட்டா மிச்ச மேசை எல்லாம் உங்களுக்குத்தான்மா."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பக்கத்தின் நீளத்தைக் கணக்கிடப் போனை எடுத்தாள். கணக்குப்புலி விடவில்லை.

"நான் இருக்கிறப்ப போன் எதுக்கு? ஒண்ணரை வச்சுப் பாப்போம். ஒண்ணரையை ஒண்ணரையால பெருக்கினா ரெண்டேகால். ஜாஸ்தி. ஒண்ணு புள்ளி நாலு? ஒண்ணு புள்ளி ஒம்பது ஆறு. முடிஞ்சுது!"

"எங்க முடிஞ்சுது? ரெண்டு வரலையே. இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாருங்க."

"துளிதான் குறையுது. கண்ணுக்கா தெரியப் போகுது?"

"கூடினா வெட்டிக்கலாம். குறைஞ்சா இழுத்து நீட்டுவீங்களா?"

வாசலில் யாரோ கூப்பிட, அவள் போய்த் திரும்புவதற்குள் கணக்குப்புலி வெட்டி முடித்திருந்தான். கடையில் இருந்த ஒரே பெரிய கண்ணாடி அது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எப்படியாவது பொருந்திவிடாதா என்ற நப்பாசையில் வண்டியில் ஏற்றினாள்.

பொருந்தவில்லை. ஒரு பக்கம் சட்டத்தின் விளிம்பில் உட்கார, எதிர்ப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இளித்தது.

"சட்டம்தாங்க பெருசு. தச்சருக்குக் கணக்கு வராது போல" என்றான் புலி, கூசாமல்.

விடுதிக்காரர் டேப்பை எடுத்துச் சட்டத்தை அளந்தார். ஒரு பக்கம் ஒன்று புள்ளி நாலு ஒன்று நாலு மீட்டர் இருந்தது. அதையே பெருக்கிப் பார்த்தால் இரண்டு, முடியளவு பிசகுதான்.

"மிச்ச மேசைக்கு வேற கடை பாத்துக்கிறேன்மா" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினாள். பக்கத்தில் அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவை ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணுல ஆரம்பிச்சா சரியா வந்துரும்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்குன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "அதுவும் உங்க குத்துமதிப்புதானா?"