இருப்பதிலேயே சிறிய எழுத்து

சுருளிராஜன் ஐயா இறந்த அன்று காலை, கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க அவர் மகன் முத்துராமலிங்கம் கூடலூரில் என் கடைக்கு வந்தார். கையில் நாற்பத்தேழு உறவினர் பெயர்கள். வீட்டு நாயின் பெயரை மட்டும்தான் விட்டிருந்தார்.

"இடம் பத்தாதேண்ணே."

"வரிக்கு வரி இடைவெளியக் கொறைப்பா. சம்பந்தி வீட்டாளுக பேரு விட்டுப்போனா எழவு வீட்லயே சண்டை வரும்."

குறைத்தேன். எழுத்துகள் குமுளி ஜீப்பில் போகிறவர்களைப் போல நெருக்கியடித்து உட்கார்ந்தன.

அவர் போனதும் குமுளியிலிருந்து போன். ஐயாவின் மகள் ஜோதிலட்சுமி. மலையாளத்துப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து, பதினொரு வருடமாக அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை.

"அண்ணே, வாசலுக்கே வரக்கூடாதுன்னுட்டாக. போர்டுல எம்பேரு மட்டும் போடுங்க. ஓரத்துல போட்டாப் போதும்."

நான் பெரிய வீரன் அல்லவா, போட்டேன். முத்துராமலிங்கம் கண்ணில் படாதபடி, என் கடைப் பெயருக்கும் கீழே, இருப்பதிலேயே சிறிய எழுத்தில்: மகள் ஜோதிலட்சுமி.

மதியம் மறுபடி போன். ஜோதிலட்சுமிதான். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் கட்டிய பிளக்ஸ் முன்னால் நிற்கிறாளாம்.

"எங்கன இருக்குண்ணே?"

"அடியில, எங்க கடை பேருக்குக் கீழம்மா."

"அங்கன ஒரு கோடுதாண்ணே இருக்கு."

அச்சில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்க வேண்டும்.

"அதுதாம்மா."

"சரிண்ணே, போட்டோ எடுத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

திரையில் நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் மட்டும் அவள் பெயர் தெளிவாக இருந்தது.