பழையது இல்லாத பானை

அன்று பின்கட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ராஜாராம் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தபடி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அத்தை ஆண்டாளம்மாள் நெற்குதிரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ராஜாராமின் மனைவி பவளம் அடுப்படி வாசற்படியில். அவளுக்குப் பின்னால் அவர்களுடைய பெண்கள் இரண்டு பேரும். சிட்டம்மாள் மட்டும் மாட்டுத்தொட்டிக்கு அந்தப் பக்கம் தரையில் குந்தியிருந்தாள். நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி வெறும் மண்தரை கிடந்தது.

களையெடுக்கும் பதினோரு பெண்களுக்காகவும் அவள் பேச வந்திருந்தாள். ஒரு நாள் களைக்கு இரண்டு படி நெல் கூலி. அதை இரண்டரைப் படி ஆக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. களை நாட்களில் ஆண்களுக்கு வேலை கிடையாது. சிட்டம்மாள் வீட்டில் புருஷன் முனியன், மூன்று பிள்ளைகள், அவள் என்று ஐந்து வயிறும் அந்த இரண்டு படியை நம்பித்தான் இருந்தன.

ராஜாராம் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் நிலம் அண்ணன் தாமோதரனோடு கூட்டு. அண்ணன் மெட்ராஸில் குமாஸ்தா. கடிதத்திலேயே விவசாயம் பார்ப்பவர். போன வாரம் வந்த அவருடைய கடிதத்தைப் பவளம் எடுத்து வந்து வாசித்தாள். வாலாஜாபாத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதால் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும், ஒன்று இரண்டு என்று எண் போட்டுப் பதில் எழுதுவதும் அவள் வேலை. பகலுக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு, காலைக்குப் பழையது இருக்கவே இருக்கிறது, ஆகவே இரண்டு படி தாராளம் என்று எழுதியிருந்தார் அண்ணன்.

"சரியாத்தான கீது," என்றாள் ஆண்டாளம்மாள். "ரெண்டு படி நெல்லுல நானு ஒரு வூட்டையே ஓட்டுவேண்டி."

சிட்டம்மாள் தலை நிமிரவில்லை. "ஓட்டிக் காட்டுங்கம்மா. உங்க வூட்லயும் அஞ்சு பேருதான்."

பெரிய பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதோடு ஆண்டாளம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து நாள் என்று பேச்சாயிற்று. அத்தை ஓட்டிக் காட்டிவிட்டால் பெண்கள் பழைய கூலிக்கே களையில் இறங்குவார்கள். முடியாவிட்டால் அரைப்படி கூடுதல்.

முதல் நாள் அத்தையே குதிரிலிருந்து இரண்டு படி அளந்து உரலில் குத்தினாள். உமியும் தவிடும் போக ஒரு படி அரிசி தேறியது. உப்பு, மிளகாய், விளக்குக்கு மண்ணெண்ணெய் எல்லாம் அதிலேயே வர வேண்டும் என்று சிட்டம்மாள் சொல்லியிருந்ததால், கால் படி அரிசி மளிகைக்காரன் சின்னப்பையனின் கடைக்குப் போயிற்று. மிச்சம் முக்கால் படியைப் பொங்கி, முருங்கைக்கீரை கடைந்து, புளிக்குழம்பு வைத்து, மோரும் ஊற்றினாள். பானையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் காலை சிட்டம்மாள் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்தாள்.

"மோரு எந்தக் கூலில வந்திச்சிம்மா?"

அத்தை மோர்ச்சட்டியை மூடினாள். சிட்டம்மாள் விடவில்லை. கீரை இவர்கள் கொல்லை, புளி இவர்கள் மரம், விறகு இவர்கள் தோப்பு என்று விரலை மடக்கினாள். அப்படியானால் அவர்கள் எதைத்தான் தொட்டுக்கொள்கிறார்கள் என்று பவளம் கேட்டாள். உப்பு மிளகாய்தான், வரப்பில் கிடைத்தால் கீரை, வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் நண்டு என்று சிட்டம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். தோப்பு விறகு கூடாதென்று வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சுள்ளி பொறுக்கக் கிளம்பினார்கள்.

அன்று தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும்தான்; சோறு கூடவே செலவாகி, விளக்கு வைத்ததும் சாப்பாடு முடிந்தது. ஐம்பது வருஷப் பழக்கம். அத்தை சொம்பை எடுத்துப் போய்ச் சோற்றுப்பானையில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் சோற்றில் விழும் சத்தம் வரவில்லை. வெறும் பானையில் விழுந்து சளசளத்தது.

"யாரு வழிச்சித் துன்னது?" என்றாள்.

யாரும் இல்லை. இருந்ததே அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் பெண்கள் இரண்டு பேரும் பச்சைத்தண்ணீரோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி குறைத்துக்கொண்டு காலைக்கு எடுத்து வைப்போம் என்று அன்று அத்தையே திட்டம் போட்டாள். சாயங்காலம் சின்னவள் தட்டை வழித்துவிட்டுப் பானையைப் பார்த்தாள். எடுத்து வைத்த சோற்றை அத்தையே அள்ளி அவள் தட்டில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலைப் பையைத் தேடினாள்.

நாலாம் நாள் அத்தைக்குத் திடீரென்று பக்தி வந்து பெருமாள் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையெல்லாம் நெய் வாசனை. பவளம் மூக்கை உறிஞ்சினாள்.

"சாமி குடுத்தது கணக்குல வராதுடி," என்றாள் அத்தை.

ஐந்தாம் நாளும் ஒரு முறை பொங்கியதோடு ஓய்ந்தது; பழையதுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறாம் நாள் விடிந்ததும் அத்தை குதிரடிக்குப் போகாமல் நேரே நாற்காலி அருகில் வந்து நின்றாள்.

"ராஜாராமா, பழையது தானா வர்றதில்லப்பா. மொத நாளு மிச்சம் வெச்சாத்தான் அது பழையது. மிச்சம் வெக்க அந்த நெல்லுல எடமில்ல. உங்கண்ணன் கணக்குல ஒரு வேள சோறு காத்துல வருது."

அண்ணனை எதிர்த்து ராஜாராம் ஒரு வரி எழுதியதில்லை. பவளம் பேனாவை எடுத்துவந்து, அனுமதி கேட்டுத்தானே எழுத வேண்டும் என்றாள்.

"கேட்டு எழுதாத," என்றார். "குடுத்தாச்சுன்னு எழுது."

பவளம் எண் போட்டு எழுதினாள். ஒன்று, குத்திய அரிசி. இரண்டு, கடைக்குப் போனது. மூன்று, காலியான பானை. நான்காவதை அத்தையே சொன்னாள்: நாலாம் நாள் தான் கோயிலில் சாப்பிட்டதையும் மறைக்காமல் எழுத வேண்டுமாம்.

சிட்டம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்து தொட்டி ஓரமாகவே நின்றாள். இரண்டரைப் படி என்றதும் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"அந்த அரப்படி தல தட்டியா, குவிச்சான்னும் போட்டுடுங்கம்மா."

ராஜாராம் சிரித்துவிட்டார். படியின் வாயைத் தலை தட்டி மட்டமாக்காமல் குவித்தே அளக்கச் சொன்னார். பவளம் ஐந்தாவதாக அதையும் எழுதினாள்.

கவரை ஒட்டப் பசை இல்லை. பழையதில் ஒரு பருக்கை எடுத்துத் தேய்ப்பதுதான் வழக்கம். இன்றைக்கு அதற்கும் வழியில்லை. புதிதாக உலை வைத்திருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அரிசி கொதித்து மேலே வந்ததும் பவளம் கரண்டியில் நாலு பருக்கை எடுத்து, சூடு பொறுக்காமல் விரலை உதறிக்கொண்டே கவரின் ஓரத்தில் வைத்து நசுக்கினாள். அத்தை கட்டை விரலால் அழுத்தி நீவினாள். ராஜாராம் அதைச் சட்டைப் பையில் வைத்து சைக்கிளை எடுத்தார். உத்திரமேரூர் தபாலாபீஸ் பெட்டியில் அவர் அதைப் போட்டபோது ஒட்டிய இடம் இன்னும் ஈரமாகவே இருந்தது.