பின்னணி என்று கழித்தது

கோதண்டபாணி மகளைத் தலைமுழுகியவர். சும்மா பேச்சுக்கு இல்லை. இசைவாணி தென்னரசைக் கட்டிக்கொண்ட அன்று, திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்த தன் கழனியில் மோட்டாரைப் போட்டு, ஊரே பார்க்கத் தண்ணீருக்குத் தலையைக் காட்டி நின்ற மனுஷர். வேறு சாதிக்காரனோடு போனவள் செத்தவளுக்குச் சமம் என்றார். அதற்கப்புறம் மகளோடு ஒரு வார்த்தை கிடையாது.

இசைவாணி விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்தாள். அவள் பார்த்ததெல்லாம் அடங்கிக் கிடக்கும் இரட்டைகள். ஒரு விண்மீன், அதனோடு சேர்ந்து சுற்றும் செத்த விண்மீன் ஒன்று. செத்தது நியூட்ரான் விண்மீன் என்றால், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அதன் உடம்புச் சூடு எக்ஸ் கதிராக லேசாகக் கசியும். கருந்துளை என்றால் அதுகூட அநேகமாக இருக்காது, விழுந்தது விழுந்ததுதான்.

"எங்கப்பா ரெண்டாவது ரகம்," என்று தென்னரசிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுவாள்.

காலையில் அவள் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்துக்கு அம்மா எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். நல்லா இருக்கியா என்று அர்த்தம். இவள் கட் பண்ணுவாள். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். பேசக் காசு ஆகாத இந்தக் காலத்திலும் அம்மாவுக்குப் பழைய பழக்கம் போகவில்லையே என்று நினைத்துக்கொள்வாள். எல்லா அம்மாக்களும் செய்வதுதானே.

ஒருநாள், ஓர் இரட்டையில் கதிரே இல்லை, கருந்துளைதான் என்று அடித்துச் சொன்னாள். ஆராய்ச்சி வழிகாட்டி அரங்கநாதன் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? பின்னணி வெளிச்சத்தை அளந்து கழிக்கற வட்டத்தை ஸ்டாரை விட்டுத் தள்ளிப் போட மாட்டியா? ஸ்டார் மேலயே போட்டு, அதோட வெளிச்சத்தையே கழிச்சிட்டு ஒண்ணுமே இல்லன்றியே!"

வட்டத்தை நகர்த்திப் பார்த்தாள். எக்ஸ் கதிர் மங்கலாகக் கசிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வாரமே கோதண்டபாணி மாரடைப்பில் போய்விட்டார். சொந்தக்காரர்கள் முறைக்க முறைக்க, இசைவாணி கணவனோடு போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதன்பின் காலையில் போன் அடிக்கவில்லை. துக்கத்தில் அம்மாவுக்கு மனசு வரவில்லை போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கருமாதிக்குப் போனபோதுதான் கேட்டாள்.

"ஏம்மா மிஸ்டு காலை நிறுத்திட்ட? பயந்துக்கினு கெடக்கறேன்."

அம்மா அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் எங்கடி குடுத்தேன்? உங்கப்பாதான் என் போனை எடுத்துக்கினு மாட்டுக் கொட்டா பக்கம் போவாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரு தலையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. நீ கட் பண்ணதும், 'பொண்ணு நல்லா இருக்கா'ன்னு சொல்லிக்கினே வந்து டீ கேப்பாரு."

இசைவாணி தன் போனையே பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்றைக்காவது போனை எடுத்து 'அம்மா' என்று கூப்பிட்டிருந்தால், அந்தப் பக்கம் பதில் வராவிட்டாலும் அவர் மூச்சு விடுவதையாவது கேட்டிருப்பாள். மிஸ்டு காலை யாராவது எடுப்பார்களா? நாள் தவறாமல் அப்பா கூப்பிட்டார். நாள் தவறாமல் அவள்தான் கட் பண்ணினாள்.