பில்ரேயின் ஒற்றைப் பல்

கொரியாவின் பூசான் மீன் சந்தையில் விலாங்கு விற்கும் பில்ரேயின் வாயில் மிஞ்சியிருந்தது கோரைப்பல் ஒன்றுதான். மற்றதில் பாதியைச் சொத்தை தின்றது, பாதியைப் புருஷன் தால்சு தட்டி எடுத்தான்.

பல் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அம்மா, இந்த ஒண்ண உசுரக் குடுத்தாவது காப்பாத்துங்க. அடுத்த மாசம் அறுபத்தஞ்சு முடியுதுல்ல? அப்புறம் ரெண்டு பல்லு எலும்புலயே ஊன்றதுக்கு அரசாங்கக் காப்பீடு பெரும்பங்கு குடுத்துரும். ஆனா வாயில ஒரு பல்லாவது இருக்கணும். மொத்தமும் காலின்னா, கழட்டி மாட்டுற செட்டுதான்."

"பல்லில்லாதவளுக்குத்தானே டாக்டர் பல்லு வேணும்?"

"சட்டம் அப்படிம்மா."

பசித்தவன் இலையை எடுத்து ஏப்பக்காரனுக்குப் போடுகிற சட்டம். செட்டுப் பல்லின் லட்சணம் பில்ரேக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரி விலை கூவும்போது அவளுடையது தொட்டியில் விழுந்து, விலாங்குகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு கிடந்தது. பில்ரேக்கு அது வேண்டாம். சாவதற்குள் முள்ளங்கி கிம்ச்சியை நறுக்கென்று கடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கஞ்சியே குடித்து அந்தப் பல்லைக் காத்தாள்.

ஒரு நாள் முற்பகலிலேயே சோஜு போதையில் தால்சு கடைக்குள் வந்தான்.

"மகாராணிக்குப் புதுப் பல்லாமே! நான் எடுத்தத அரசாங்கம் திருப்பி வைக்குதா? சந்தையே என்னப் பாத்துச் சிரிக்குதுடி!"

"முதுகுல அடிங்க. வாயில மட்டும் வேணாங்க."

எட்டி உதைத்தான். தொட்டி கவிழ்ந்து, நெளியும் விலாங்குகளோடு அவளும் தரையில் விழுந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவள் மார்பில் முட்டியை ஊன்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கட்டை விரலை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லைத் தேடினான்.

கடித்தாள். பல் எலும்புவரை இறங்கியது. அலறிக்கொண்டு கையை உதறினான். விரலில் பதிந்த பல்லும் கையோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று.

ரத்தத்தைத் துப்பிவிட்டு நாக்கால் துழாவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கல்யாணமான நாள் முதல் அவன் கை ஓங்கினால் அவள் கைகள் வாய்க்குத்தான் ஓடும். இனி அங்கே அவற்றுக்கு வேலையில்லை.

வெட்டுப் பலகையைத் தூக்கினாள். முதல் அடியில் அவன் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது முழங்காலில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துக் கடைக்காரி, கீழே கிடப்பது யாரென்று பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனாள்.

"பில்ரே, வேணாம்டி! செத்துருவேன்டி!"

அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். பற்கள் வரிசை குலையாமல் இருந்தன.

"பயப்படாத. ஒண்ணு மட்டும் விட்டுவைக்கிறேன். நாளைக்கு உனக்கும் காப்பீடு வேணுமில்ல?"

சொன்னபடியே ஒன்றை விட்டுவைத்தாள்.